மாறாத எண்ணுக்கு எதற்குப் பொதுப் பெயர்?

2018ஆம் ஆண்டு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்குள் ஒரு சின்னஞ்சிறு ஹெட்டர் கோப்பு, அதாவது பல நிரல் கோப்புகள் எடுத்துக்கொள்ளும் பொது வரையறைகளின் கோப்பு, சேர்ந்தது. சிஆர்சி32பாலி என்று பெயர். விளக்கக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டால் உள்ளே இருந்தவை இரண்டே எண்கள், அவற்றுக்கு இரண்டு பெயர்கள். தகவல் வழியில் கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் சிஆர்சி என்னும் கணக்குக்கு வேண்டிய எண்கள் அவை. அதன் பின்னாலேயே வரிசையாகச் சில பேட்ச்கள், அதாவது நிரல் திருத்தங்கள், வந்தன. ஈதர்நெட் டிரைவர்களிலும், சுருக்கிய கோப்பை விரிக்கும் நிரல்களிலும், இன்னும் சில மூலைகளிலும் அவரவர் கையால் எழுதிவைத்திருந்த அதே எண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொதுப் பெயரை எழுதின. கெர்னலின் 4.19 பதிப்பில் இது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

கம்பைலர் வெளியே தள்ளும் இயந்திர மொழியில் இதனால் எந்த வேறுபாடும் கிடையாது. பெயர் எழுதினாலும் எண் எழுதினாலும் கம்பைலர் கண்ணுக்குத் தெரிவது எண்தான். மாற்றத்தை அனுப்பியவரே செயல்பாட்டில் எதுவும் மாறவில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார். அப்படியென்றால் இத்தனை கோப்புகளைத் தொட்டது எதற்காக?

இதற்கு நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு: நாளைக்கு மதிப்பு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஜிஎஸ்டி விகிதத்துக்கு அந்தப் பதில் சரி. இந்த எண்ணுக்கு அது பொருந்தவே பொருந்தாது. உலகத்தில் உள்ள ஒவ்வொரு ஈதர்நெட் சில்லும், ஒவ்வொரு ஜிப் கோப்பும், ஒவ்வொரு பிஎன்ஜி படமும் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. லினக்ஸ் மட்டும் ஒரு நாள் அதை மாற்றிவிட முடியாது. வட்டத்தின் பை போல, இது மாறவே மாறாத எண்.

மாறாத எண்ணைப் பொதுவில் வைப்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை அந்தக் காரணம் பெயரில் இருக்கிறது. எந்த எண் என்பதைவிட, இந்த எண் யார், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைச் சொல்லும் இடம் ஒன்று தேவைப்பட்டது.

ஒரு வகுத்தலின் மீதி

சிஆர்சி என்னும் செக்சம் முறையின் அடிப்படை, பள்ளியில் படித்த நீள் வகுத்தல்தான். அனுப்ப வேண்டிய தகவலை மிக நீளமான ஓர் இரும எண்ணாகப் பாவித்து, முன்பே ஒப்புக்கொண்ட ஒரு வகுத்தியால் வகுத்து, மீதியைத் தகவலின் வாலில் ஒட்டி அனுப்புகிறோம். பெறுபவரும் அதே வகுத்தியால் வகுத்துப் பார்க்கிறார். மீதி ஒத்துப்போகவில்லை என்றால் வழியில் ஏதோ கெட்டிருக்கிறது. ஒரே வேறுபாடு, இந்தக் கணக்கில் கடன் வாங்குவதும் மிச்சம் கொண்டுபோவதும் கிடையாது. கழித்தலுக்குப் பதில் எக்ஸார்: இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1.

கையாலேயே செய்து பார்க்கலாம். தகவல் 1101, வகுத்தி 1011. மீதிக்கு இடம்விட்டு மூன்று பூஜ்யம் சேர்த்தால் 1101000. அதை 1011ஆல் எக்ஸார் முறையில் வகுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் 001 மிஞ்சும். ஆகவே அனுப்புவது 1101001. இதை 1011ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம்.

கடன் வாங்காத இந்த வகுத்தல், பல்லுறுப்புக்கோவைகளின் வகுத்தலேதான். ஒவ்வொரு பிட்டும் ஓர் அடுக்கின் கெழு. அதனால்தான் வகுத்தியைப் பல்லுறுப்புக்கோவை என்கிறார்கள். வெஸ்லி பீட்டர்சன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1961இல் டி. டி. பிரவுனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த முறைக்கு அடித்தளம் போட்டது. பின்னாளில், 1999இல், அவருக்கு ஜப்பான் பரிசு கிடைத்தது.

ஈதர்நெட் எடுத்துக்கொண்ட வகுத்தி 32 பிட் மீதியைத் தருவது. அதில் உள்ள அடுக்குகள் 32, 26, 23, 22, 16, 12, 11, 10, 8, 7, 5, 4, 2, 1, 0. மொத்தம் 15 உறுப்புகள். உச்சியில் உள்ள 32 எப்போதும் இருக்கும் என்பதால் அதை எழுதாமல் விட்டு, மற்றவற்றைப் பதினாறடி எண்முறையில் சுருக்கினால் 04சி11டிபி7 என்று வரும். (ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகள் இந்த முறையில் 10 முதல் 15 வரையிலான இலக்கங்கள்.) வழக்கமான பத்தடி முறையில் இதுவே 79764919.

32 பிட்டுக்குள் அடங்கும் தொடர்ச்சியான சேதம் எதுவானாலும் இந்த வகுத்தி கண்டுபிடித்துவிடும். முழு நீள ஈதர்நெட் சட்டகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் மூன்று பிட் பிழை வரைக்கும் தப்ப முடியாது. எண் மாறாமல் நிலைத்ததற்கு இந்தத் திறமையும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், எல்லோரும் அதையே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான்.

கண்ணாடியில் தெரியும் இன்னொரு முகம்

புதிய ஹெட்டர் கோப்பில் இரண்டு எண்கள் இருந்தன என்றேன். ஒன்று 04சி11டிபி7. மற்றது இடிபி88320. பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். இரண்டும் ஒரே வகுத்திதான்.

முதல் எண்ணைப் பின்னாலிருந்து படியுங்கள்: 7, பி, டி, 1, 1, சி, 4, 0. இனி ஒவ்வோர் இலக்கத்துக்குள்ளும் இருக்கும் நான்கு பிட்டையும் திருப்பிப் போடுங்கள். 7 என்பது 0111, திருப்பினால் 1110, அதாவது இ. பி என்பது 1011, திருப்பினால் 1101, அதாவது டி. டி திரும்பினால் பி. 1 திரும்பினால் 8, அடுத்த 1உம் 8. சி திரும்பினால் 3. 4 திரும்பினால் 2. 0 அப்படியே 0. சேர்த்துப் படித்தால் இடிபி88320.

ஏன் இந்தக் கண்ணாடி வேலை? ஈதர்நெட் கம்பியில் ஒவ்வொரு பைட்டும் கடைசிப் பிட்டை முன்னால் விட்டுத்தான் போகிறது. வகுத்தலோ கம்பியில் போகும் வரிசையில் நடக்க வேண்டும். மென்பொருளில் இதற்காக ஒவ்வொரு பைட்டையும் திருப்பிப் போட்டால் நேரம் வீண். அதைவிட வகுத்தியை ஒரேயடியாகத் திருப்பி வைத்துக்கொண்டு, இடது பக்கம் நகர்த்துவதற்குப் பதில் வலது பக்கம் நகர்த்தினால் கணக்கு அதே கணக்கு. கெர்னலில் இந்தத் திருப்பிய வடிவத்துக்கு எல்இ என்றும், திருப்பாத வடிவத்துக்கு பிஇ என்றும் பெயர்க்குறி. கோப்பைச் சுருக்கும் முறைகளில் ஜிப், எக்ஸ்இசட் எல்லாம் எல்இ வடிவம். பிஜிப்2 மட்டும் பிஇ வடிவம்.

இந்த எல்இ, பிஇ என்பதைச் செயலியின் பைட் வரிசை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசப்படுவது பிட்டின் வரிசை. இன்டெல் செயலியிலும் பிஜிப்2 கோப்புக்கு பிஇ வடிவம்தான் வேண்டும்.

இதோடும் முடியவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிலிப் கூப்மன் சிஆர்சி வகுத்திகளை விரிவாக ஆராய்ந்தவர். அவர் எழுதும் முறையில் உச்சி உறுப்பை எழுதிவிட்டு, கடைசி 1ஐ எழுதாமல் விடுவார். அந்தக் கணக்கில் இதே ஈதர்நெட் வகுத்தி 82608இடிபி ஆகிவிடும். ஒரே ஆளுக்கு மூன்று ரேஷன் அட்டை இருப்பது போன்ற நிலை இது. வெறும் எண்ணை மட்டும் நிரலில் பார்க்கும் ஒருவர், இது எந்த முறையில் எழுதப்பட்டது என்று எப்படிச் சொல்வார்?

சிதறிக் கிடந்த காலம்

2018க்கு முந்தைய கெர்னலில் இந்த எண் எப்படியெல்லாம் கிடந்தது என்பதைப் பார்த்தால்தான் அந்த பேட்ச்களின் அவசியம் புரியும்.

கெர்னலின் பொதுவான சிஆர்சி நிரல்களின் தொகுப்பான சிஆர்சி நூலகத்துக்கென்று ஓர் உள் கோப்பு இருந்தது. அதில் இரண்டு வடிவங்களுக்கும் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. ஆனால் அது நூலகத்தின் அடுக்களைக்குள் இருந்த பாத்திரம். வெளியில் உள்ள டிரைவர்கள் எடுத்துப் புழங்க வழியில்லை. ஏஎம்டியின் எக்ஸ்ஜிபிஇ என்ற ஈதர்நெட் டிரைவரில், விலான் (ஒரே வலையைப் பிரித்து உருவாக்கும் மெய்நிகர் வலை) எண்ணுக்கு சிஆர்சி கணக்கிடும் இடத்தில், இடிபி88320 என்ற எண்ணை நேரடியாக எழுதிவிட்டு, பக்கத்திலேயே குறிப்பாக நூலகம் வைத்திருந்த அந்தப் பெயரை எழுதியிருந்தார்கள். எழுதியவருக்குப் பெயர் தெரிந்திருக்கிறது. நிரலில் பயன்படுத்த முடியாததால் குறிப்பில் எழுதி ஆற்றிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு வரியே பொதுக் கோப்புக்கான மனு மாதிரி எனக்குத் தோன்றும்.

பழைய டிரைவர்கள் சில தங்களுக்கென்று தனி மாறிலி வைத்துக்கொண்டிருந்தன. பிராட்காமின் டிஜி3 டிரைவரில் சிறிய சிஆர்சி சுழல் ஒன்று தனியாக இருந்தது. இதையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது கெர்னலின் பழைய இன்ஃபிளேட் கோப்பு. ஜிஜிப் முறையில் சுருக்கியதை விரிக்கும் நிரல் அது. அதில் பதினாறடி எண்ணே கிடையாது. 0, 1, 2, 4, 5, 7, 8, 10, 11, 12, 16, 22, 23, 26 என்று அடுக்குகளை ஒரு பட்டியலாக எழுதிவைத்து, நிரல் ஓடும்போது அதிலிருந்து வகுத்தியைக் கட்டிக்கொள்ளும். படிப்பவருக்குக் கணிதத்தை அப்படியே காட்டும் அழகான எழுத்து அது. ஆனால் கெர்னல் முழுவதும் இடிபி88320 எங்கெங்கே இருக்கிறது என்று தேடுபவர் கண்ணில் அது படவே படாது.

தேட முடிவது சிறிய வசதி அல்ல. கெர்னல் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. சிஆர்சி கணக்கை வேகப்படுத்த ஒருவர் முன்வருகிறார் என்று வையுங்கள். யாரெல்லாம் பொது நூலகத்தை அழைக்காமல் சொந்தமாகச் சுழல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, முன்னால் பூஜ்யம் உண்டா இல்லையா, கடைசியில் வகைக்குறி உண்டா என்று எண்ணை எழுதும் விதமே பலவாறு இருக்கும். ஒரே பெயர் இருந்தால் ஒரே தேடல்.

மாற்றத்தோடு வந்த இன்னொரு பேட்ச் பெயரையே சீராக்கியது. பழைய பெயரில் சிஆர்சி பாலி என்று இருந்ததே தவிர, 32 என்ற எண் இல்லை. 16 பிட் சிஆர்சிகளும் குடியிருக்கும் வீட்டில் இது குழப்பம். புதிய பெயர் சிஆர்சி32_பாலி_எல்இ. முதல் பாதி எந்தக் குடும்பம் என்று சொல்கிறது, கடைசிப் பாதி எந்த முகம் என்று சொல்கிறது.

தவறினால் சத்தம் வராது

எண்ணைத் தப்பாக எழுதினால் உடனே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். சிஆர்சியின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே தவறான வகுத்தியைப் பயன்படுத்தினால் எல்லாம் ஒத்துப்போகும். ஒரு கோப்பு முறைமை தன் செக்சமைத் தானே எழுதி, தானே சரிபார்க்கிறது. ஒரு பிட் பிசகிய வகுத்தியோடு அது ஆண்டுக்கணக்கில் ஓடும். சோதனைகள் எல்லாம் தேறும். குறைவது பாதுகாப்பு மட்டும். முன்பு தப்ப முடியாத பிழைகளில் சில இப்போது தப்பிப்போகும். பிழை தப்பியதற்கு அடையாளம் எதுவும் இருக்காது, ஏனென்றால் அதை அடையாளம் காட்ட வேண்டியதே இந்த செக்சம்தான்.

இன்னொரு தரப்பு வன்பொருளாக இருக்கும்போது வேறு மாதிரி வலிக்கும். ஈதர்நெட் அட்டைகள் மல்டிகாஸ்ட் முகவரிகளை (ஒரே பாக்கெட்டை ஒரு குழுவுக்கு அனுப்பும் முகவரிகளை) வடிகட்ட சிஆர்சியைப் பயன்படுத்துவது வழக்கம். 6 பைட் முகவரிக்கு சிஆர்சி கணக்கிட்டு, அதில் 6 பிட்டை எடுத்து, 64 கட்டங்கள் கொண்ட பட்டியலில் அதற்குரிய கட்டத்தை டிரைவர் ஆன் செய்து வைக்கும். பாக்கெட் வரும்போது சில்லும் அதே கணக்கைப் போட்டு அந்தக் கட்டத்தைப் பார்க்கும். டிரைவர் நேர் வடிவத்துக்குப் பதில் கண்ணாடி வடிவத்தை எடுத்தாலோ, மீதியின் தலைப்பக்க 6 பிட்டுக்குப் பதில் வால்பக்க 6 பிட்டை எடுத்தாலோ, தப்பான கட்டம் ஆன் ஆகும். சாதாரண ஐபி4 போக்குவரத்து தடையில்லாமல் ஓடும். ஐபி6 தடுமாறும், ஏனென்றால் அது அண்டை முகவரியைத் தேடுவதே மல்டிகாஸ்ட் வழியாக. என்ன கோளாறு என்று பார்க்க, வலையில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டினால், அட்டை எல்லாப் பாக்கெட்டையும் வாங்கும் நிலைக்குப் போய்விடும்; வடிகட்டி விலகிவிடும்; கோளாறும் மறைந்துவிடும். டிசிபிடம்பை நிறுத்தினால் மறுபடி வரும். பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் இந்த மாதிரிப் பிழையைத் துரத்தியவர்களுக்குத்தான் ஒரு மாறிலியின் பெயரில் எல்இ, பிஇ என்று எழுதியிருப்பதன் அருமை தெரியும்.

நகலெடுப்பதில் பிசகு வருமா என்ற சந்தேகம் வேண்டாம். இத்துறையின் முக்கியமான ஆய்வுக் கட்டுரையிலேயே வந்திருக்கிறது. 1993இல் காஸ்டக்னோலி, பிராயர், ஹெர்மான் மூவரும் 32 பிட் வகுத்திகளில் மேலானவை எவை என்று தேடி வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று 1எஃப்4ஏசிஎஃப்பி13. அச்சில் வந்தது 1எஃப்6ஏசிஎஃப்பி13. 4 என்ற இடத்தில் 6, அதாவது ஒரே ஒரு பிட் வேறுபாடு. அச்சிட்ட எண்ணை நம்பி எடுத்தவருக்குக் கட்டுரை உறுதியளித்த பாதுகாப்பு கிடைக்காது. 2002இல் கூப்மன் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் இதைச் சுட்டிக்காட்டினார். பிட் பிழையைக் கண்டுபிடிப்பதற்காகவே இருக்கும் எண்ணில் ஒரு பிட் பிழை. அந்த எண்ணைக் காக்க எந்த செக்சமும் இல்லை.

வகுத்தி மட்டும் போதாது

பொதுக் கோப்பை ஆதரிக்கும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுத்தி ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாக இருக்கும் என்பது இல்லை.

16 பிட் குடும்பத்தில் 1021 என்றொரு புகழ்பெற்ற வகுத்தி உண்டு. கண்ணாடியில் 8408. 123456789 என்ற ஒன்பது எழுத்துகளுக்கு இதை வைத்து சிஆர்சி கணக்கிடுவோம். எக்ஸ்மோடம், கெர்மிட், எக்ஸ்.25 என்பவை பழைய தகவல் தொடர்பு நெறிமுறைகள். எக்ஸ்மோடம் முறையில் 31சி3 வரும். கெர்மிட் முறையில் 2189. தொடக்க மதிப்பை எல்லாம் 1 ஆக்கி, திருப்பாத வடிவத்தில் போட்டால் 29பி1. எக்ஸ்.25 முறையில் 906இ. வகுத்தி நான்கிலும் ஒன்றேதான். எந்த மதிப்பில் தொடங்குகிறோம், பிட்டை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம், கடைசியில் விடையைத் தலைகீழாக்குகிறோமா என்பவை மாறினால் விடை மாறிவிடும்.

கெர்னலிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சிஆர்சி-சிசிஐடிடி என்று ஒரு கோப்பு, சிஆர்சி-ஐடியு-டி என்று இன்னொரு கோப்பு. இரண்டுக்கும் வகுத்தி 1021தான். ஒன்று திருப்பிய வடிவம், மற்றது திருப்பாத வடிவம். பெயரைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியுமா? சிசிஐடிடி என்பது தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பின் பழைய பெயர். 1993இல் அதே அமைப்புக்கு ஐடியு-டி என்று பெயர் மாறியது. ஆக, ஒரே அமைப்பின் பழைய பெயரும் புதுப் பெயரும் இரண்டு வேறு வடிவங்களைக் குறிக்கும் அடையாளங்களாக நிற்கின்றன. இது யாருடைய குற்றமும் இல்லை, வரலாறு அப்படிப் படிந்துவிட்டது. ஆனால் புதிதாக வரும் நிரலருக்கு அந்தப் பெயர்களால் உதவி எதுவுமில்லை.

32 பிட்டிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. காஸ்டக்னோலி குழுவின் கட்டுரையில் இடம்பெற்ற மற்றொரு வகுத்தி 1இடிசி6எஃப்41. சிஆர்சி-32சி என்று அழைக்கப்படுவது. சுமார் 650 பைட் நீளம் வரை, சிதறிய ஐந்து பிட் பிழைகளையும் தப்பவிடாது. அதே நீளத்தில் ஈதர்நெட் வகுத்தி மூன்றுக்குத்தான் உறுதி தரும். ஐஸ்கசி, எஸ்சிடிபி என்னும் வலை நெறிமுறைகளும், பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும், எக்ஸ்டி4 கோப்பு முறைமையின் மெட்டாடேட்டாவும் இதைத்தான் நம்புகின்றன. 2008இல் வந்த நெஹலம் செயலிகளில் இன்டெல் இதற்கென்று ஒரு கட்டளையையே சில்லுக்குள் பதித்தது. அந்தக் கட்டளையின் பெயர் சிஆர்சி32. கடைசியில் இருக்க வேண்டிய சி பெயரில் இல்லை. வேகமாக இருக்கும் என்று இதை எடுத்து ஜிப் கோப்பின் செக்சமைச் சரிபார்க்கப் போனால் ஒருபோதும் ஒத்துவராது. மேலே சொன்ன அதே ஒன்பது எழுத்துகளுக்கு ஜிப் முறையில் சிபிஎஃப்43926 வரும், சிஆர்சி-32சி முறையில் இ3069283. ஏஆர்எம் செயலிகளில் இரண்டு வகுத்திக்கும் தனித்தனிக் கட்டளைகள் தந்திருக்கிறார்கள். பெயர் விஷயத்தில் அது நல்ல முடிவு.

ஆகவே என் கருத்தில் பகிரத் தகுந்தது முதலில் செயல்கூறு, அடுத்துதான் மாறிலி. நூலகத்தின் சிஆர்சி செயல்கூறை அழைக்க முடிந்த இடத்தில் வகுத்தியின் பெயர்கூடத் தேவையில்லை. சொந்தச் சுழல் எழுதியே ஆக வேண்டிய இடங்களில், உதாரணமாக 12 பிட் விலான் எண்ணுக்கு சிஆர்சி போடும் இடத்தில், நூலகம் பைட் பைட்டாகத்தான் கணக்கிடும் என்பதால் உதவாது. அங்கே பெயருள்ள மாறிலி வேண்டும்.

பவர்பிசியில் உடைந்த கதை

இனி இந்தக் கதையின் எதிர்ப்பக்கம். எக்ஸ்இசட் விரிப்பானில் இருந்த எண்ணையும் பொதுப் பெயராக மாற்றினார்கள். மிக எளிய மாற்றம். எண் இருந்த இடத்தில் பெயர், மேலே ஹெட்டர் கோப்பைச் சேர்க்கும் ஒரு வரி. பவர்பிசி என்னும் செயலி வகையில் கெர்னல் கட்டுவது நின்றுபோனது. ஹெட்டர் கோப்பைக் காணோம் என்று கம்பைலர் சொன்னது.

சுருக்கி வைத்த கெர்னலை விரித்துத் தர, கெர்னலுக்கு முன்னால் ஓடும் சிறு நிரல் ஒன்று வேண்டும். பவர்பிசியில் அதை பூட் ராப்பர் என்கிறார்கள். கட்டப்படும் கெர்னல் 64 பிட்டாக இருந்தாலும், அந்தச் சிறு நிரல் 32 பிட்டாகக் கட்டப்பட வேண்டியிருக்கும். கெர்னலின் பொது ஹெட்டர்களை அது தொடக்கூடாது, தொட்டால் 64 பிட் உலகத்தின் அனுமானங்கள் உள்ளே வந்துவிடும். எக்ஸ்இசட் விரிப்பானின் கோப்பு கெர்னலுக்கும் இந்தச் சிறு நிரலுக்கும் பொதுவானது. ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்து மாற்றியது, இன்னொரு வீட்டின் கதவையும் பெயர்த்துவிட்டது.

தீர்வாக, எக்ஸ்இசட்டின் சொந்த உள் ஹெட்டரிலேயே அந்தப் பெயரை மறுபடி வரையறுத்தார்கள், ஏற்கெனவே வரையறுக்கப்படாமல் இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. அதாவது நகல் திரும்பி வந்தது.

இதைத் தோல்வி என்று நான் பார்க்கவில்லை. முன்பு இருந்த நகலுக்கும் இப்போதுள்ள நகலுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. முன்பு இருந்தது பெயரில்லாத எண். இப்போது இருப்பது கெர்னல் முழுவதும் வழங்கும் அதே பெயர், அதே எல்இ அடையாளத்தோடு. பெயரைத் தேடினால் இதுவும் கிடைக்கும். ஏன் இங்கே தனி வரையறை என்பதற்கு மாற்ற வரலாற்றில் விளக்கம் இருக்கிறது. எண் ஒருபோதும் மாறாது என்பதால், இரண்டு இடத்தில் இருப்பதால் நாளை இரண்டும் முரண்படுமே என்ற பயமும் இல்லை. மாறக்கூடிய எண்ணாக இருந்தால் இந்தச் சலுகையை நான் தரமாட்டேன்.

ஒரு வரி மாறிலிக்காக ஒரு ஹெட்டரைச் சார்ந்திருப்பதற்கு விலை உண்டு என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஹெட்டர் இன்னொன்றை இழுக்கும், அது வேறொன்றை இழுக்கும். சிஆர்சி32பாலி கோப்பை வடிவமைத்தவர்கள் இந்த விஷயத்தில் கவனமாகத்தான் இருந்தார்கள். அதில் வரையறைகளைத் தவிர வேறெதுவும் கிடையாது, வேறெந்தக் கோப்பையும் அது இழுப்பதில்லை. அதற்கு உடனடியான தேவையும் இருந்தது. சிஆர்சியை வேகமாகக் கணக்கிட உதவும் 256 எண்கள் கொண்ட அட்டவணையை, கெர்னலைக் கட்டும்போதே ஒரு சிறு நிரல் உருவாக்கித் தரும். அந்த நிரல் கெர்னலுக்குள் ஓடுவதில்லை, கட்டுபவரின் கணினியில் சாதாரண நிரலாக ஓடுகிறது. அதுவும் இதே ஹெட்டரைத்தான் எடுத்துக்கொள்கிறது.

இந்த அட்டவணைகளின் கதையும் நகலெடுத்தலின் கதைதான். கேரி பிரவுன் என்பவர் 1986 என்று தேதியிட்டு, யார் வேண்டுமானாலும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு ஓர் அட்டவணையை வெளியிட்டார். அது கைமாறிக் கைமாறி ஃப்ரீபிஎஸ்டி என்னும் வேறோர் இயங்குதளத்தின் கெர்னல் நூலகம் வரை போயிருக்கிறது. 256 எண்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். இவை எல்லாமே ஒரே வகுத்தியிலிருந்து சில வரி நிரலால் பெறக்கூடியவை. இணையம் பரவாத காலத்தில் சரியான அட்டவணை கையில் கிடைப்பதே பெரிய உதவியாக இருந்திருக்கும். இன்றைக்கு மூலத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை உருவாக்கிக்கொள்வதுதான் முறை. அட்டவணையின் நடுவே ஓர் இலக்கம் பிசகினால், குறிப்பிட்ட பைட் மதிப்பு வரும்போது மட்டும் தப்பான விடை தரும் பிழை பிறக்கும். வகுத்தியிலிருந்து உருவாக்கினால் அந்த வகைப் பிழைக்கு இடமே இல்லை.

ஓரிடத்தில் மட்டும் நகல் இருந்தே ஆக வேண்டும் என்பேன், அது சோதனை நிரல். சோதிக்கப்படும் நிரலும் சோதிக்கும் நிரலும் ஒரே மாறிலியைப் பகிர்ந்துகொண்டால், அந்த மாறிலி தப்பாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்து தவறி, சோதனை தேறிவிடும். தரநிலை ஆவணத்தைப் பார்த்துத் தனியாக எழுதிய எண், அல்லது சிபிஎஃப்43926 போன்ற எல்லோரும் அறிந்த விடை, சோதனைக்குள் தனியாக நிற்க வேண்டும்.

2025இல் வந்த 6.15 பதிப்பில் லினக்ஸின் சிஆர்சி நிரல்கள் பெரிய அளவில் மாற்றி எழுதப்பட்டன. இன்றைய செயலிகளில் கடனில்லாப் பெருக்கலுக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு சிஆர்சியை மடித்து மடித்துக் கணக்கிட, ஒவ்வொரு வகுத்திக்கும் ஒரு கைப்பிடி புதிய மாறிலிகள் தேவை. முன்பெல்லாம் அவை அசெம்பிளி கோப்புகளில் எங்கிருந்து வந்தன என்று தெரியாத நீள எண்களாகக் கிடந்தன. இப்போது அவற்றை உருவாக்க ஒரு பைதான் நிரல் கெர்னல் மூலத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு எந்த சிஆர்சி வேண்டும் என்று சொல்ல, சிஆர்சி32_எல்எஸ்பி_இடிபி88320 என்ற மாதிரி ஒரு பெயரைக் கொடுக்கிறார்கள். எத்தனை பிட், எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம், எந்த வகுத்தி என்ற மூன்றும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்கசி வட்டுகளின் 16 பிட் சிஆர்சிக்கு அதே முறையில் சிஆர்சி16_எம்எஸ்பி_8பிபி7. 2018இல் நிரலின் உள்ளே இருந்த எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை வைத்தார்கள். இங்கே எண்ணே பெயரின் கடைசிப் பகுதியாகி, உருவாகும் ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் எழுதப்படுகிறது.